பெருக்கல் தையல்

என் மகளுக்குக் கடையில் வாங்கிய பள்ளிப் பை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தோள்வார் பிய்ந்து நடுத்தெருவில் விழுந்தது. எடுத்துப் புரட்டினால், அட, எங்கள் கம்பெனிப் பை! எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடல் தாண்டி எங்கோ தைத்து வாங்குகிறார்களே, அதுதான்.

கம்பெனியில் வாரைப் பையோடு சேர்க்கும்போது நாங்கள் சும்மா ஓட்டுத் தையல் போட்டுத் தள்ளிவிடுவோம். கடைசி மேஜையில் என் நாத்தனார்தான் அதன்மேல் குறுக்கும் மறுக்குமாக அழுத்தித் தைப்பாள். பெருக்கல் குறி போல இருக்கும். அதனால் அவள் பெயரே பெருக்கல் என்றாகிவிட்டது. இந்தப் பையில் ஓட்டுத் தையல் இருந்தது. பெருக்கலைக் காணோம்.

அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணி, கம்பெனியை மூடுறோம்னு சொல்ல எல்லாரையும் பாதி வேலையில எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்களே! திரும்பி வந்து பாத்தா என் மேஜையில இருந்த பையைக் காணோம். வெளிநாட்டுல பாத்துத் தைக்க மாதிரிக்கு அனுப்பிட்டோம்னாங்க. நான்தான் அதைத் தொடவே இல்லையே!"

அங்கே தைக்கிறவர்கள் பாவம், கொடுத்ததை அச்சு மாறாமல் தைத்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன?

இவள் இப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறேன். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்.

அந்த வாரமே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் தைத்த ஹாலில் கடைகள் திருப்பியனுப்பிய பைகள் கூரை வரை குவிந்து கிடந்தன. மிஷின்கள் ஓரமாகத் தார்ப்பாய்க்குள் இருந்தன.

"பழைய பை ஒண்ணுகூட கைவசம் இல்லம்மா. ஒரே ஒரு பை சரியா தைச்சுக் குடுங்க, அங்க அனுப்பிடுறேன். உங்களை நல்லா கவனிச்சுக்கிறேன்."

கவனிக்கிறாராம்! எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் பெருக்கல் போய்த் தன் மிஷினைத் திறந்து, ஊசியில் நூல் கோத்தாள். எனக்குப் பகீரென்றது. அந்த ஒரு பை கப்பல் ஏறிவிட்டால் நாங்கள் யாரோ, அவர் யாரோ. அடிப்பாவி, கெடுத்தாளே!

அவள் குவியலிலிருந்து ஒரு பையை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இங்க குவிஞ்சு கிடக்கே, அத்தனையும் தைக்கச் சொல்லுங்க சார், தைக்கிறோம். இனிமே வரப்போறதையும் இந்த ஹால்லயே, எங்களையெல்லாம் வச்சே தைங்க. ஒண்ணு மட்டும்னா முடியாது."

"என்னம்மா, மிரட்டுறியா?"

"வேலை கேக்குறா சார்" என்றபடி நான் என் மிஷின்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டேன். தூசி கிளம்பி அவர் இருமினார். "முதல்ல கரண்டைப் போடுங்க."

அவர் எங்களைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். பிறகு மெயின் சுவிட்ச் பக்கம் நடந்தார்.