தூரக்கண்ணாடியில் குரு பகவான்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. வானத்தைப் பார்த்துக் கல்யாணம் முடிவான கதை ஒன்று சொல்கிறேன்.

ஜய வருஷம், வைகாசி மாதம். கெலமங்கலத்து நாராயணம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் ஜோதியம்மாளுக்கு அடுத்த வாரம் முகூர்த்தம். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா, அத்திப்பள்ளிக் கங்கப்பன், "எங்க கன்னடப் பஞ்சாங்கத்துல குரு சூரியனுக்குப் பக்கத்துல போய் மறைஞ்சு மூடம் வந்தாச்சாம். மூடத்துல தாலி கட்ட மாட்டோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். தமிழ்ப் பஞ்சாங்கத்திலோ குரு மறைய இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. ஆனி பிறந்தால் மாப்பிள்ளை பம்பாய்க்கு வேலைக்குப் போகிறான். திரும்பி வர இரண்டு வருஷம்.

ஓசூரில் ரிட்டயர்டு இன்ஜினீயர் ஒருவர் வட்டக் கூரை கட்டிப் பெரிய தூரக்கண்ணாடி வைத்து, ஊராருக்குத் திறந்து விட்டிருந்தார். குருவும் சுக்கிரனும் சேர்ந்து நிற்பதை அந்த வாரம் காட்டினார்கள். குரு கண்ணில் பட்டால் மூடம் இல்லை என்றாகுமே என்று நாராயணம்மா கங்கப்பனை அங்கே வரவழைத்துவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. வரிசை நகரவில்லை, மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு ஒரே ஒரு வெளிச்சம்தான் மங்கலாகத் தெரிந்தது.

"அது சுக்ரன். குரு எங்கம்மா?" என்றார் கங்கப்பன்.

"பக்கத்துலதான் இருப்பாருண்ணா. அந்த இன்ஜினீயரையே கேளுங்க."

"பேடம்மா, வேண்டாம். யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். என் கண்ணுல படணும்."

முன்னால் போனவன் கண்ணை எடுப்பதாக இல்லை. "ஏன்யா, உள்ள குடித்தனமா நடத்துற? நகரு!" என்றாள் நாராயணம்மா. வரிசையே சிரித்தது. அவள் முந்தானையை முறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள்.

அவள் முறை வந்தது. "மேகம் மூடுது. இன்னும் ஒருத்தர்தான் பாக்கலாம்" என்றார் இன்ஜினீயர்.

படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். தான் பார்த்து என்ன பயன்? நம்ப வேண்டியவர் அவர். ஆனால் பார்த்துவிட்டு அவர் குரு இல்லை என்றுவிட்டால் கல்யாணமும் இல்லைதான்.

"நீங்க ஏறுங்கண்ணா."

கங்கப்பன் ஏறிக் கண் வைத்தார்.

"என்னண்ணா? வாயைத் திறங்களேன்!"

"வெள்ளையா ஒண்ணு... தள்ளிப் பழுப்பா இன்னொண்ணு. அதுக்குப் பக்கத்துல பொட்டுப் பொட்டா நாலு."

"அந்த நாலும் பழுப்பைச் சுத்துற நிலா. அதான் குரு" என்றார் இன்ஜினீயர்.

கங்கப்பன் இறங்கியபோது கண் கலங்கியிருந்தது. "பெரியவனுக்கு மூடத்துல முடிச்சேன்மா. வருஷம் திரும்பல, மருமக செத்துப் போயிட்டா. அந்தப் பயம் விடல."

நாராயணம்மா ஓடிப்போய்க் கண் வைத்தாள். வெறும் மேகம். "எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"நான் பாத்துட்டேன் இல்ல? போய்ப் பந்தக்கால் நடு, தங்கச்சி."

குறித்த நாளில் தாலி ஏறியது. கதை கேட்ட உங்கள் வீட்டு வாசலிலும் பந்தல் எழும்பட்டும், கண்ணுகளா. வருகிற மருமகள்கள் நூறு வயது இருந்து, உங்கள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.