நூற்று நாற்பத்து மூன்று நாள் லீவு

தொழிற்சாலையில் அவருக்கு 'உண்டியல்' என்று பட்டப்பெயர். பணம் சேர்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் சேர்த்தது லீவு. காய்ச்சல் கொதிக்கும்போதும் பாய்லர் முன்னால் போய் நின்றவர். கல்யாணமான மறுநாளே டிபன் பாக்ஸும் கையுமாக கேட்டில் நின்றவரைப் பார்த்து வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டான். இப்படி எடுக்காமல் விட்டதெல்லாம் நூற்று நாற்பத்து மூன்று நாளாகச் சேர்ந்து கிடந்தது. கேட்டால், "ஒரு ஆபத்துக்கு உதவும்ல" என்பார்.

ஆபத்தும் வந்தது. மனைவிக்கு ஈரலில் புற்றுநோய். ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கே காலண்டரும் பேனாவுமாக உட்கார்ந்தார் உண்டியல். கடைசி ஐந்து மாதம் அவள் படுக்கையில் விழுந்துவிடுவாள். அப்போது மொத்த லீவையும் போட்டுக் கூடவே இருப்பது, அதுவரை ஒரு நாளைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார். கல் நெஞ்சமெல்லாம் இல்லை. பயம், வேறென்ன?

அவளோ இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். துணைக்கு வந்திருந்த தங்கையின் சமையலைக் கேலி செய்து சிரிக்கக்கூடச் செய்தாள். ஒரு புதன்கிழமை காலை, அவர் ஷூ மாட்டும்போது எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்களேன். தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம். சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்."

"இப்பவே லீவக் கரைச்சுட்டா, நாளைக்கு உனக்கு முடியாதப்ப என்ன பண்றது?"

"முடியாம கிடக்கிறப்ப நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தெரியவா போகுது? இப்ப நல்லாத்தான இருக்கேன். இப்ப இருங்க."

"வாயைக் கழுவு!" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார். அட பாவி மனுஷா, அவள் கேட்டது ஒரே ஒரு நாள்!

மறுநாள் பத்தரை மணிக்குக் கொழுந்தியாளிடமிருந்து போன். அக்கா ரத்தமாக வாந்தி எடுக்கிறாள் என்று அழுதாள். அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

"மணி என்னன்னு கேட்டா மாமா. பத்தரைன்னேன். 'அவர் ஷிப்டு முடிஞ்சு வர ரெண்டு மணியாகுமே'ன்னா. அவ்வளவுதான்."

காரியமெல்லாம் முடிந்து ஆறாம் நாள் வேலைக்குப் போனார். லீவுக் கணக்குப் பார்க்கும் பெண் அவரை உள்ளே கூப்பிட்டாள். நல்ல பெண்தான், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"அண்ணே, மனைவி தவறிட்டா கம்பெனியே தனியா அஞ்சு நாள் குடுக்குது. உங்க லீவுல ஒண்ணுகூடக் கழிக்கல. நூத்தி நாப்பத்தி மூணும் அப்படியே இருக்கு."

எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அத்தனையும் எடுத்துக்கறேம்மா. இன்னையிலேர்ந்தே எழுதிக்க."

அவள் தயங்கித் தயங்கி லீவு பாரத்தை எடுத்தாள். "காரணம் என்னன்னு போடட்டும்ணே?"

"சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல," என்றார். "கூட இருக்கணும்."