எந்த ஊசி அதைத் தடுக்கும்?

நாகஜோதி காரை விட்டு இறங்கவில்லை. "ஸ்வாதிய நீங்களே கூட்டிட்டுப் போங்கப்பா. ஏசி போட்டு அடச்ச எடத்துல என்னால உக்கார முடியாது" என்றாள். தன் மேல் வீசும் நோய் நாற்றத்தைத்தான் சொல்கிறாள். என் மகள், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஓமானின் சலாலாவில் இது சாரல் காலம். கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, நனைந்தால் நனையட்டும் என்று பின்சீட்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டாள்.

அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்க் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைத்தும் பார்த்தாயிற்று. இன்னும் மூன்று நான்கு மாசம், இனி வலிக்கு மருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியில் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். பேத்தி ஸ்வாதியிடமும் அதே அல்சர்தான். எல்லாம் மருமகன் சரவணகுமாரின் ஏற்பாடு. "கேன்சர்னு தெரிஞ்சா நாளைக்கு நம்ம பொண்ண எவன் எடுப்பான் மாமா?" என்பான். இதே புற்று ஸ்வாதிக்கு வராமல் தடுக்கும் ஊசியையும் அதற்காகவே தள்ளிப்போட்டான். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், கிளினிக்கில் ஒருத்தர் பார்த்தால் போதும், எதற்கு என்று துருவுவார்கள், லீவில் ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்றான். போன லீவு குலதெய்வத்துக்குக் கிடா வெட்டவே சரியாகப் போயிற்று. வீட்டில் விடிந்தது முதல் படுக்கும்வரை சாம்பிராணிப் புகை. பக்கத்து ஃபிளாட்டில் எங்களைப் பெரிய பக்திமான்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் ஊசியில் நம்பிக்கை கிடையாது. பதிமூன்று வயசுப் பிள்ளை, நோய் நொடி இல்லை, எதற்குக் குத்த வேண்டும்? ரோட்டோரத்தில் இளநீரும் வாழைப்பழமும் விற்றே நரைத்தவன் நான். விற்கிறவன் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நேற்று நாகஜோதி, "நான் போறதுக்குள்ள அவளுக்குப் போட்டுருங்கப்பா" என்றாள். அதற்குப் பிறகு என் நம்பிக்கை யாருக்கு வேண்டும்? மருமகன் டூட்டிக்குப் போனதும் கிளம்பிவிட்டோம்.

கிளினிக் உள்ளே நர்ஸ் ஃபஸ்னா. சிலோன்காரப் பெண். நாகஜோதியிடம் போனிலேயே சம்மதம் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ரெண்டு ஊசி இருக்கு ஐயா. ஒண்டு நாலு வகைக் கிருமிக்கு. மற்றது ஒம்பது வகைக்கு. எதப் போடுவம்?"

"எதத் தள்ளிவிடச் சொல்லியிருக்காக உன்னய?"

அவள் சிரித்துவிட்டாள். "யாவாரம் உங்கட கடையிலதான் ஐயா. இது ரெண்டும் நல்லதுதான்."

"தாத்தா, ப்ளீஸ். எம்பாரஸ் பண்ணாதீங்க" என்றாள் ஸ்வாதி.

இரண்டு ரகம் காட்டினால் ஒன்று மட்டமாகத்தான் இருக்கும். நான் விடவில்லை. "இந்தாம்மா, சுத்தி வளைக்காத. எம் மகளத் திங்குதுல்ல ஒரு புத்து, அத எது தடுக்கும்? அதப் போடு."

ஃபஸ்னா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

ஸ்வாதி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். "அம்மாவுக்கு அல்சர்தானே?" என்றாள்.

நான் மேஜை மேலிருந்த ஊசி டப்பாக்களைப் பார்த்தேன். அவள் நர்ஸிடம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ கேட்டாள்; 'அம்மா' என்றது மட்டும் எனக்குப் புரிந்தது.

"அத அம்மாட்ட கேளுங்க மகள்" என்றாள் ஃபஸ்னா. பிறகு என்னிடம், மெதுவாக, "ஒம்பதே போடுவம் ஐயா."

ஊசி ஏறும்போது பிள்ளை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"ஆறு மாசத்தால அடுத்தது போட வேணும்."

"ஜனவரி" என்றாள் ஸ்வாதி. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்தியபடி மறுபடியும், "ஜனவரி" என்றாள். ஃபஸ்னா அதை அட்டையில் எழுதினாள்.

காரில் அவள் அம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"வலிச்சிச்சாடி?"

"இல்லம்மா."

"இனி பயமில்ல" என்று நாகஜோதி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நான் வண்டியை எடுத்தேன்.

ரவுண்டானா தாண்டியதும், மலையிலிருந்து இறக்கிவிட்ட ஒட்டகங்கள் ரோட்டை மறித்துக்கொண்டு போயின. நிறுத்தினேன். ஹார்ன் அடிக்கவில்லை. "அங்க பாருடி, எவ்வளவு பெருசு" என்று நாகஜோதி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன். ஸ்வாதி ஒட்டகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் அந்த மெலிந்த கையை நனைத்துக்கொண்டிருந்தது. வளையல் முழங்கை வரை நழுவி இறங்கியிருந்தது.