பதில் வராவிட்டால்

பிரிஸ்கில்லா அப்பாவின் வலக்கையிலிருந்து வெள்ளைக் கையுறையை உருவினாள். பெருவிரல் மட்டும் வர மறுத்தது. குளிர்பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு இப்போதுதான் மாற்றியிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து ஈரக் குளிர் அவள் கைக்கு ஏறியது. தனியாகக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ண வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தாள். பொய் சொன்ன வாயால் உண்மையாகவே ஜெபிக்கப் பார்த்தாள்.

மணி நாலு நாற்பது.

அப்பா ஞானதுரை ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியர். பாடத்திட்டக் குழுவில் உறுப்பினர். மூலிகைத் தாவரப் பாடத்தை எடுத்துவிட்டு ஆன்லைன் பாடம் ஒன்றை வைக்கலாமா என்று மூன்று நாளைக்கு முன் குழுவில் எல்லோருக்கும் மெயில் வந்தது. ஒருவர் மறுத்தாலும் கூட்டம் போட்டுப் பேசியாக வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்றது கடைசி வரி.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அப்பா மறுப்பை ஃபோனில் முழுசாகத் தட்டி முடித்தார்.

"இத எடுத்துட்டா அய்யம்மாளுக்கு வேற கிளாஸே கெடையாது பாப்பா. காலைல ஒருக்கா வாசிச்சிட்டு அனுப்புதேன்."

காலை ஒன்பது மணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

சற்று முன் பந்தலில் துறைத்தலைவர் ராம்குமாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அப்பா வேண்டாம்னு எழுதி வச்சிருக்காவ, சார்."

"இருக்கலாம்மா. சார் மெயில்லருந்து வந்தாத்தான செல்லும்."

"அவியதான் இப்ப இல்லையே. ஒத்துக்கிட்டாவன்னு எப்படி எடுப்பிய?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நோட்டீஸ் அனுப்பும்போது இருந்தாவல்ல."

அப்பாவின் ஃபோன் அவர் பெருவிரலுக்குத்தான் திறக்கும். பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது.

அவள் விரலைப் பிடித்து ஃபோனில் அழுத்தினாள். திறக்கவில்லை. துப்பட்டாவால் துடைத்து, வாயருகே வைத்து ஊதி, மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை அவள் கையில் ஏதோ அதிர்ந்தது. அப்பாதான் கையை உதறிக்கொண்டார் என்று பதறிப் பின்னால் போய்ச் சுவரில் மோதினாள். விரலை ஏற்காத ஃபோன்தான் அதிர்ந்திருக்கிறது. அப்பா விடைத்தாள் திருத்தி முடித்த முகத்தோடு படுத்திருந்தார்.

திறந்துகொண்டால், செத்தவர் அனுப்பிய மெயிலை ராம்குமார் பந்தலிலேயே வாசிப்பார். திறக்காவிட்டால்? இதில் எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபோன் இப்போது பூட்டு எண்ணைக் கேட்டது. அப்பா பிறந்த வருஷம், தான் பிறந்த வருஷம், கல்யாண நாள். ஒவ்வொன்றும் தப்பென்று அது காத்திருக்கச் சொன்னது.

கதவு திறந்தது. ரோஜா மாலையோடு அய்யம்மாள் நின்றாள். அப்பாவிடம் படித்தவள், மணிநேரச் சம்பளத்துக்கு அந்த மூலிகைப் பாடம் நடத்துகிறவள். செய்தி கேட்டதும் சேத்தூரிலிருந்து வந்து, அதுமுதல் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன பண்ணுத?"

பிரிஸ்கில்லா சொன்னாள்.

"என் பேப்பரையா தூக்குதாவ?"

வெளியே ஜெபப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

"ஆன்லைன்ல எப்படிட்டி இலையக் கசக்கி மோந்து பாப்பானுவ?" அய்யம்மாள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. பிறகு மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கையுறைக்காகக் கை நீட்டினாள். "கொண்டா. சாருக்குக் குளிரும்."

முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு விரலாகத் துணிக்குள் நுழைத்தாள்.

"மணி அஞ்சாயிட்டா?"

ஃபோனில் ஐந்து மணி நாலு நிமிஷம்.

"இன்னும் இல்லக்கா."

அய்யம்மாள் பெருவிரலை அவசரமில்லாமல் நுழைத்துக்கொண்டிருந்தாள்.