ஒபதியாவின் சுண்ணாம்புக் குழி

மூன்று வாரமாக கிரேஸி ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடுதான் குடித்தனம் நடத்தினாள். கிழவர் செத்து நூற்றெண்பது வருஷம் ஆகிவிட்டதால் அவள் கணவன் இன்பராஜ் கோபித்துக்கொள்ளவில்லை.

வேலூரில் ஒரு கம்பெனி. அமெரிக்காக்காரர்களுக்கு அவர்களுடைய முப்பாட்டனார் கதையைப் பழைய பத்திரங்களில் தேடி எழுதிக் கொடுப்பார்கள். நம்மூரில் கல்யாணத் தரகர் ஓசியில் சொல்லும் சமாச்சாரத்தை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கிரேஸிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இந்தக் கிழவர் கதை தேறினால்தான் ஆகும். பள்ளிகொண்டாவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே, மகளின் பாடப்புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

கிழவர் பெயர் ஒபதியா. அமெரிக்காவில் ஒஹையோ பக்கம் காட்டை வெட்டி, மரத்துண்டுகளை அடுக்கி வீடு கட்டி, மக்காச்சோளம் போட்டவர். ஒன்பது பிள்ளைகள். ஒருமுறை கரடிக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டதாக ஒரு கடிதத்தில் இருந்தது.

"கரடி மரம் ஏறும்னு யாரும் சொல்லலியா அவருக்கு?" என்றான் இன்பராஜ்.

அவன் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில், தோலை ஊறவைத்து முடி கழிக்கும் சுண்ணாம்புப் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறான். சாயங்காலம் வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்த பிறகுதான் அவனுக்கு வீட்டுக்குள் அனுமதி. டீயோடு வந்து உட்கார்ந்து, "பெரியவர் இன்னிக்கு இன்னா பண்ணாரு?" என்று கேட்பான். சொந்த மாமனாரைக்கூட அவன் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

அன்றைக்குத் திரையில் ஒபதியா செத்தபோது எடுத்த சாமான் பட்டியல் இருந்தது. இன்பராஜுக்கு இங்கிலீஷ் கம்மி. ஆனால் ஹைடு, லைம், பார்க் என்ற வார்த்தைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"தோலு, சுண்ணாம்பு, மரப்பட்டை! கிரேஸி, இவரு பயிர் மட்டும் வைக்கல. தோல் பதம் பண்ணியிருக்காரு. நம்ம ஆளு!"

"தெரியும். மூணு குழி வச்சிருந்தாரு. ஓடைத் தண்ணி நாறுதுன்னு அக்கம்பக்கத்துல மனுகூட குடுத்திருக்காங்க."

"அப்பவேவா!" சிரித்த சிரிப்பில் டீ லுங்கியில் கொட்டியது. "கதைல இத எப்படி எழுதியிருக்கே, காட்டு."

அவள் தயங்கிக் காட்டினாள். ஏர் இருந்தது, எருது இருந்தது, பைபிள் இருந்தது. குழி இல்லை.

"காசு கட்டின அமெரிக்காக்காரம்மா முப்பாட்டனாரைப் பத்தி ஆசையா கேக்கறாங்க. நாத்தத்தை எழுதினா நல்லாவா இருக்கும்?"

இன்பராஜ் கிளாஸைக் கீழே வைத்தான். "அதான் உன் ஆபீஸ்ல என்னையும் எக்ஸ்போர்ட்னு சொல்லி வச்சிருக்கியா? போன வாரம் உங்க மேலதிகாரி அக்சா போன் பண்ணி, எக்ஸ்போர்ட் சார்தானேன்னு கேட்டுது. நானும் ஆமான்னுட்டேன். ஞாயித்துக்கிழமை ஆபீஸ் விருந்துக்கு நான் வரல. எக்ஸ்போர்ட்ல வேலை ஜாஸ்தின்னு சொல்லிடு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். மடிக்கணினியை மூடினாள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் மூன்று குழிகளையும் எழுதினாள். மனுவையும் எழுதினாள். கை நிற்கவில்லை. சுண்ணாம்பு அரித்த விரல்களையும் குளிரில் வெடித்த உள்ளங்கையையும் எழுதினாள். குழந்தையின் கன்னத்தில் கீறிவிடுமோ என்று பயந்து ஒபதியா புறங்கையால்தான் தடவுவார் என்று எழுதினாள். எழுதி அனுப்பிய பிறகு கொஞ்சம் அழுதாள்.

சாயங்காலம் அக்சா அழைத்தாள். வயதில் சின்னவள், ஆனால் கிரேஸிக்கு மேலதிகாரி. மடிக்கணினியில் அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. இன்பராஜ் தலை துவட்டிக்கொண்டு நின்றான்.

"கிரேஸிக்கா, கதை சூப்பர். ஆனா அந்தக் கை விஷயம் எந்த ரெகார்டுலயும் இல்லியே? ஆதாரம் இல்லாம எழுதினா உங்க வேலைக்கே பேஜார். எங்கருந்து எடுத்தீங்க? தூக்கிடட்டுமா?"

இன்பராஜ், தூக்கிவிடச் சொல் என்று கையை ஆட்டினான். அந்தக் கையைத்தான் கிரேஸி பார்த்தாள்.

"அது என் வீட்டுக்காரர் கை, அக்சா. இருபது வருஷமா ஆம்பூர்ல சுண்ணாம்புத் தொட்டியில வேலை செய்றாரு. என் பொண்ணை அப்படித்தான் தொடுவாரு."

"எக்ஸ்போர்ட்னு சொன்னீங்களேக்கா?"

"எக்ஸ்போர்ட் ஆவறது தோலுதான். அவரு இங்கதான் இருக்காரு."

அக்சா, "ஊகம்னு குறிப்பு போட்டு, கீழ சார் பேரையும் தொழிலையும் எழுதுங்க. மேல இருக்கறவங்க ஒத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியல, அனுப்பிப் பாப்போம்," என்று வைத்துவிட்டாள்.

கிரேஸி கணவனின் பெயரை எழுதினாள். ஆம்பூர் என்று எழுதினாள். சுண்ணாம்புப் பிரிவு என்றும் எழுதினாள். இன்பராஜ் துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் நெடுநேரம் துவட்டிக்கொண்டே இருந்தான்.

"ஞாயித்துக்கிழமைக்கு," என்றான் துண்டுக்குள்ளிருந்து, "எந்தச் சட்டை போடட்டும்?"