ஒரே வகுப்பில் இரண்டு பேர்

மூன்றாவது இடத்தையும் கௌசி வேண்டாம் என்றாள்.

"அது சரிவராது லோஜி. சின்னப் பிள்ளையள் பழகிற இடம் ஹோட்டலுக்குத் தூரம். ஸ்கீப் பலகையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேணும். ரெண்டு மணிக்குப் பிறகு வெயிலும் படாது, விறைச்சுப் போவினம்."

அக்கா இவ்வளவு தேடிப் படித்திருக்கிறாளே என்று லோஜினிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆஸ்திரியாவில் இருந்த அந்த ஊரின் பக்கத்தை லாப்டொப்பில் மூடினாள். பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து பனிச்சறுக்கப் போவது அவளுடைய யோசனைதான். லண்டனில் கிங்ஸ்பரிக்கும் எட்மண்டனுக்கும் இடையில் அவர்கள் பிறந்தநாள்களுக்கு மட்டும் போய்வருகிற ஆட்களாகிவிட்டிருந்தார்கள். ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் சமைத்துச் சாப்பிட்டால் பழையபடி ஆகிவிடலாம். மகள் மிதுஷாதான் மறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதாகியும் ஐஸ் சறுக்கும் தளத்தில் ஓரக் கம்பியை விடாத பிள்ளை. "என்ட ஹரிசனும் பழகாதவன்தானே. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, சேர்ந்தே விழுவீங்கள்" என்று பெரியம்மா கௌசி வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் தலையாட்டினாள்.

"அப்ப இந்தப் பிரான்ஸ் இடம்? வகுப்பு வாசலிலயே. நகருற பாய் ஒண்டு இருக்காம், பிள்ளையள் ஏறி நிண்டால் மேல கொண்டுபோகுமாம்."

"ஓம், அது நல்லம்."

"அத்தான் முதல்ல கேக்கிறது சோறு கிடைக்குமோ எண்டுதான்."

"ரைஸ் குக்கருக்குத் தனிய ஒரு சூட்கேஸ் வேணும் அந்தாளுக்கு."

இருவரும் சிரித்தார்கள். லோஜினியோடு வேலை செய்கிற ஒருத்தி, தன் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன ஸ்கீ பூட்ஸ் இரண்டு சோடி கொடுத்திருந்தாள். வீட்டு ஹோல் நடுவில் மிதுஷா அதில் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜீன்ஸை உள்ள விடக்கூடாது மிதுஷா அக்கா, கால் நோகும். சொக்ஸ் மட்டும்தான்" என்றான் ஏழு வயது ஹரிசன். தன் காலை மற்றப் பூட்ஸுக்குள் விட்டு, குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் இடித்து, கொளுக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினான். எழுந்து, முழங்காலை மடித்து, இரண்டு பாதங்களின் நுனியையும் உள்ளே திருப்பினான். "இது பீட்சா, துண்டு மாதிரிக் கால் நிக்கோணும். பெரிய பீட்சா செய்தால் சறுக்கிறதை நிப்பாட்டலாம்."

லோஜினி அவன் கால்களையே பார்த்தாள். படத்தில் பார்த்துச் செய்கிற பிள்ளை இப்படி நிற்காது.

"ஆர் ராசா உமக்குச் சொல்லித் தந்தது?"

"யூடியூப்பில பாத்திருப்பான்" என்றாள் கௌசி.

"இல்லையம்மா, லூகாஸ் டீச்சர். ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில போனமே, அங்க."

"எப்ப போனீங்கள்?"

"மிதுஷா அக்கா செவன் கிங்ஸ் ஆன்ரி வீட்டில நிண்டவா எல்லோ. அப்ப."

போன பெப்ரவரி. லோஜினிக்குக் கர்ப்பப்பை எடுத்த வாரம். கணவன் தவராசாவுக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. மிதுஷாவை வைத்திருக்கச் சொல்லி அக்காவைத்தான் முதலில் கேட்டாள். வேலையில் லீவு தரமாட்டோம் என்கிறார்கள் என்று கௌசி போனில் விக்கி விக்கி அழுதாள். கடைசியில் பிள்ளை செவன் கிங்ஸில் இருந்த தவராசாவின் சிநேகிதர் வீட்டுச் சோபாவில் ஒன்பது நாள் படுத்தாள்.

"முதலே புக் பண்ணினது லோஜி" என்றாள் கௌசி, மெல்ல. "சொன்னா, நீ போ அக்கா எண்டுதான் சொல்லியிருப்பாய்."

"ஓம். சொல்லியிருப்பன்."

"அதுதான் சொல்லேல்ல."

"மனேஜரோட சண்டை பிடிச்சனான் எண்டு அழுதனீ. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துகொண்டு நான் உனக்கு ஆறுதல் சொன்னனான் அக்கா. சாப்பிட்டனியோ எண்டு கேட்டனான்."

கௌசி ஹரிசனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அவன் தான் என்ன பிழை செய்தான் என்று தெரியாமல் கொளுக்கியைத் திறந்து திறந்து மூடினான்.

லாப்டொப்பில் பிரான்ஸ் இடத்தின் வகுப்புப் படிவம் திறந்து கிடந்தது. முதலாவது பிள்ளையின் பெயர், வயது, எவ்வளவு பழக்கம். லோஜினி மிதுஷாவுக்கு நிரப்பினாள். இரண்டாவது பிள்ளை. பெயரை எழுதினாள், வயதை எழுதினாள்.

"ஹரிசனுக்கு என்ன போடுறது?"

கௌசி ஹரிசனின் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள்.

"புதுசு எண்டே போடு. அப்பதான் ரெண்டையும் ஒரே வகுப்பில விடுவினம். மிதுஷாவுக்காகத்தான் சொல்லுறன்."

லோஜினியின் விரல் அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. அறை நடுவில் மிதுஷா, ஹரிசன் காட்டிய மாதிரியே முழங்காலை மடித்து, பாத நுனிகளை உள்ளே திருப்பி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக்கொண்டு கம்பளத்தில் நின்றாள். பூட்ஸின் பாரத்தில் அவள் கால்கள் நடுங்கின.

"அம்மா, இதில இருந்து எப்பிடி நிமிருறது?"