கம்பிப்பாதையில் முன்னே போனவன்

மணிமொழிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாறையில் ஏறினால் பயம் வரும், தலை சுற்றும், கீழே மட்டும் பார்க்காதே என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பயப்பட அவளுக்கு எங்கே நேரம்? அண்ணாந்து பார்த்தால் இரண்டாள் உயரத்தில் அவள் புருஷன் அன்புச்செல்வனின் கால்கள் இரும்புப் படியில் நின்றன. நின்றன என்றால் நின்றே விட்டன. பாதிப் பாறையில், மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், மனிதன் அசையவில்லை.

"இன்னாங்க! போங்க மேல!"

"போறன், இரு."

எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். எப்போது போவான் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கரியாலூரைத் தாண்டி, அருவிக்குப் போகிற வழியில் தனியார் முகாம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. செங்குத்தான பாறையில் இரும்புப் படிகளைப் பதித்து, கூடவே அடியிலிருந்து உச்சிவரை ஓர் இரும்புக் கயிற்றை ஓட்டியிருக்கிறார்கள். பலகையில் 'வியா ஃபெராட்டா' என்று எழுதியிருக்கிறது. அது யார் வாயிலும் நுழையாததால் கம்பிப்பாதை என்றே பேராகிவிட்டது. ஏறுகிறவருக்கு இடுப்பில் ஒரு பெல்ட், பெல்ட்டிலிருந்து இரண்டு வார், வார் முனையில் ஒவ்வொரு கொக்கி. கொக்கிகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். கயிற்றைப் பாறையோடு பிடித்திருக்கும் முளை குறுக்கே வரும்போது, ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு மேலே மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்றலாம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆள் காலி. அதோடு, இரண்டு முளைகளுக்கு நடுவில் ஒருத்தர்தான் இருக்கலாம். முன்னால் போகிறவர் அடுத்த முளையைத் தாண்டும்வரை பின்னால் வருகிறவர் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முந்திக்கொண்டு போக வழியே கிடையாது.

முகாமுக்கு வழிகாட்டி வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கச்சிராயபாளையம் கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படிப்பு கேட்கவில்லை. பயமில்லாமல் ஏறிக் காட்டினால் போதும். அதைப் பார்த்த நாளிலிருந்து மணிமொழிக்கு வேறு நினைப்பே இல்லை. பொங்கல் முடிந்தால் கரும்பு வெட்ட மேஸ்திரி லாரியோடு வந்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் வெளியூரில் போய்க் கொட்டகை போட்டால், மகள் தேவதர்ஷினியும் கூடவே வந்தாக வேண்டும். வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லை. நான்காவது படிக்கிற பெண் போன வருஷம் பள்ளிக்கூடம் போன நாளைவிடக் கரும்புத் தோகை பொறுக்கிய நாள்தான் ஜாஸ்தி. "இந்த வருசமும் பாதியில நின்னா நான் எப்பிடிம்மா அஞ்சாவது போவேன்?" என்று அவள் கேட்டிருந்தாள். இந்த வேலை கிடைத்தால் அந்த லாரியில் ஏற வேண்டியதில்லை.

தனியாக வந்திருந்தால் இந்நேரம் உச்சியில் நின்றிருப்பாள். அன்புச்செல்வன் விட்டால்தானே! "நாலு ஆம்பளைங்க இருக்கிற எடத்துல நீ தனியா போவியா? நானும் வரன்" என்று பைக்கை எடுத்தான். வந்தவன் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். வேலை கேட்டு வந்த மற்ற ஆட்கள் பெல்ட் கட்டுவதைப் பார்த்ததும், "சார், எனக்கும் ஒண்ணு குடுங்க, நானும் ஏறிப் பாக்கறன்" என்றான். அதோடாவது விட்டானா? "நீ பின்னாடி வா. பொம்பளைய முன்னாடி வுட்டு ஆம்பள பின்னாடி வந்தா பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்று முன்னால் போய் நின்றுகொண்டான். சரி, ஏறித் தொலையட்டும் என்று இவளும் விட்டுக்கொடுத்தாள். இவள் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கீழேயிருந்து விசில் சத்தம் வந்தது. பயிற்சி கொடுக்கிற இளஞ்செழியன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எலவனாசூர்கோட்டைக்காரர், வடக்கே போய் மலையேற்றம் கற்றுக்கொண்டு வந்தவர். அருவி இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் முன்னாலேயே சொல்லியிருந்தார்: விசில் அடித்ததும் கட்டை விரலைக் காட்டினால் எல்லாம் சரி என்று அர்த்தம். முடியவில்லை என்றால் கையைத் தூக்க வேண்டும், அவரே ஏறி வந்து இறக்கிவிடுவார். "ஆனா கையத் தூக்கினவங்களுக்கு வேலை இல்லீங்க. கோச்சுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டார்.

அன்புச்செல்வன் ஒரு கையால் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி இன்னொரு கையின் கட்டை விரலை நீட்டினான். எல்லாம் சரியாம்!

"யோவ்!" மணிமொழி கத்தினாள். "இன்னாய்யா சரி? அசைய மாட்டேங்கிற, வெரல வேற காட்டற?"

அவன் குனியவில்லை. பாறையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு சொன்னான். "மணி, நீ கையத் தூக்கு."

"நான் எதுக்குத் தூக்கணும்?"

"காலு என் பேச்சக் கேக்கல. நீ தூக்கு. பொம்பள தூக்கினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் தூக்கினா ஊரே சிரிக்கும்."

"தூக்கினா வேலை போச்சுய்யா!"

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷமாம்! இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்து அழவும் அங்கே இடமில்லை. கீழே நிற்கிறவர்களுக்கு இவன் நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரியும், இவள்தான் பின்னாலிருந்து பேய் மாதிரி கத்துகிற மாதிரியும் தெரிந்திருக்கும். போதாததற்கு மேலேயிருந்து விசும்பல் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அழுது இவள் பார்த்ததில்லை. ஐயோ பாவம் என்று ஒரு கணம் மனசு இளகியது. இந்த நேரத்தில் இளகுகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

கையைத் தூக்க முடியாது. அவனைத் தாண்டவும் முடியாது. அவனை ஏற்றினால்தான் இவள் ஏற முடியும்.

ஒரு கொக்கியைக் கழற்றி முளைக்கு மேலே மாட்டினாள். அடுத்ததையும் மாட்டினாள். ஒருத்தர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது ஆளாக ஏறினாள். கீழே விசில் விடாமல் அலறியது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள்.

"அழுத்தி நில்லு."

"வழுக்குது மணி."

"வழுக்கல. உன் காலுதான் ஆடுது. நில்லு."

மற்றக் காலையும் பிடித்து வைத்தாள். அவன் முதுகோடு ஒட்டி நின்று, எட்டி அவன் கொக்கியைத் தானே கழற்றி முளைக்கு மேலே மாட்டினாள். பிறகு அடுத்ததை. தேவதர்ஷினி நடை பழகியபோதுகூட இவ்வளவு பாடு படுத்தவில்லை. கால், கொக்கி, கொக்கி, கால் என்று இப்படியே உச்சிவரை அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். உள்ளங்கைகள் இரண்டும் தோலுரிந்து எரிந்தன.

உச்சியில் சமதரையைக் கண்டதும் அன்புச்செல்வன் மல்லாந்து விழுந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது அவனுக்குக் குரல் வந்துவிட்டது. அடிவாரம் வருவதற்குள் பழைய ஆளாகிவிட்டான். தண்ணீர் கொடுத்தவர்களிடம், "மேல காத்து இன்னா ஜில்லுன்னு வருது தெரியுமா? அதான் கொஞ்சம் நின்னு வாங்கிக்கினு வந்தன்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இளஞ்செழியன் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"உங்களுக்கு இது சரிப்படாதுங்க. மொதல்ல சொன்ன ரூல்லயே தப்பு பண்ணிட்டீங்க. ஒரு எடத்துல ரெண்டு பேரு போனா ஒருத்தர் விழறப்ப ரெண்டு பேரும் போவீங்க. அடுத்தவங்க கொக்கிய வேற தொட்டீங்க. கத்திக்கினே இருந்தீங்க. டூரிஸ்ட்டு பயந்துடுவாங்க." பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "நீங்க பதட்டப்படாம நின்னீங்க. விசிலுக்குச் சரியா பதில் காட்டினீங்க. வேலைக்கு வரீங்களா?"

உண்மையைச் சொல்ல அவனுக்கு அங்கேயே வாய்ப்பு இருந்தது. அன்புச்செல்வன் தலையைச் சொறிந்தான். மணிமொழியைப் பார்க்காமல், "யோசிச்சு சொல்றன் சார்" என்றான்.

யோசித்துச் சொல்வானாம்! இவள் வாயைத் திறந்தால் அவன் மானம் போகும், வீட்டில் எத்தனை நாள் பேச்சுவார்த்தை இருக்காதோ தெரியாது. திறக்காவிட்டால் இவனால் செய்ய முடியாத வேலை இவனுக்கே போய், மறுபடி லாரி, கொட்டகை, தோகை. திறந்தாள்.

"சார், அவருக்குக் காலு வரல. மேல நின்னு அழுதாரு. என்னையக் கையத் தூக்கச் சொன்னாரு. நான் தூக்கல. அவரு ஒவ்வொரு காலையும் நான்தான் எடுத்து வெச்சன், கொக்கியும் நான்தான் மாட்டினன். தப்புதான். வேற இன்னா பண்ணச் சொல்றீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அன்புச்செல்வனுக்கு முகம் கறுத்தது. "பயத்துல இன்னான்னாவோ ஒளர்றா சார்" என்றான்.

இளஞ்செழியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பேசினது எதுவும் எனக்குக் கேக்கல, இவரு கால அவங்க முதுகு மறைச்சிடுச்சு. கண்ணுல பாத்ததத்தான் சொல்ல முடியும். ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பேரும் இன்னொரு தடவ ஏறுங்க. இந்த வாட்டி அவங்க முன்னாடி, நீங்க பின்னாடி."

அவன் சொன்ன ஒரு பொய்க்கு இவள் மலையை இரண்டாம் தடவை ஏற வேண்டும். கையில் தோல் இல்லை, தொடை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்து இவளுக்கும் பயம்தான் என்று எவனாவது சொன்னாலும் சொல்வான். ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அவள் பெல்ட்டை இறுக்கினாள்.

முதல் படியில் காலை வைத்தாள். இரும்பு பட்டதும் உள்ளங்கை காந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி முதல் முளையை அடைந்தாள். ஒரு கொக்கி, பிறகு இன்னொரு கொக்கி. தாண்டிவிட்டாள். இனி அவன் முறை. குனிந்து பார்த்தாள்.

அன்புச்செல்வன் பாறைக்கு அடியில் ஹெல்மெட்டோடு நின்றான். கயிறு அவன் மார்புக்கு நேரே இருந்தது. கொக்கி கையில் இருந்தது. மாட்டவில்லை. இளஞ்செழியனும் மற்றவர்களும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வர்றியா, நான் போவட்டா?" என்று மணிமொழி கேட்டாள்.

அவன் ஒரு தடவை உச்சியைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான். அருவிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னா? கேக்கல!"

"நீ போ," என்று அன்புச்செல்வன் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினான். "என்னால ஆவல, நீ போ!"